பழைய கேள்விகளை மூடலாமா, விட்டுவிடலாமா?

கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "விவசாயக் கேள்வி பதில் தளம் ஒன்றில் போன மாதம் மட்டுறுத்துநர் (மாடரேட்டர்) ஆனேன். உள்ளே போய்த் தேடினால் 2010, 2012 காலத்துக் கேள்விகள் நூற்றுக்கணக்கில் இன்றைய விதிகளுக்குப் பொருந்தாமல் கிடக்கின்றன. கடை எங்கே, விலை என்ன, இதை நம்பலாமா என்று எல்லா வகையும் இருக்கிறது. புதிதாக வருபவர்களின் கேள்வியை மூடினால், 'அது மட்டும் ஏன் இருக்கிறது' என்று சண்டைக்கு வருகிறார்கள். நாலு நாள் லீவு போட்டு உட்கார்ந்து மொத்தத்தையும் மூடி, நீக்கிவிடலாமா அண்ணா?"

மூடலாம் தம்பி. லீவு மட்டும் போடாதீர்கள். நீக்குவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அதே தளத்தில் ஏழு வருடம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு இறங்கியவன் நான். நீங்கள் செய்ய நினைப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தே பார்த்துவிட்டேன். பெருந்துறையில் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியது, மழை பிடித்துக்கொண்டதால் போகவில்லை. பொங்கல் நோம்பிக்கு முன்னால் அட்டாளியைத் தட்டுகிற மாதிரி பழைய கேள்விகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். தலைப்பைச் சரிசெய்தேன், எழுத்துப்பிழை திருத்தினேன், பொருந்தாத குறிச்சொல்லை (டேக்) எடுத்தேன், அப்புறம் மூடினேன். மத்தியானத்துக்குள் அறுபது எழுபது முடிந்திருக்கும். பெருமையாக முகப்பைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க 2011. அதில் பாதி 'மூடப்பட்டது' என்ற பட்டையோடு. அன்று காலையில் மூலனூர்க்காரர் ஒருவர் முருங்கையில் பூ உதிர்கிறது என்று படத்தோடு கேட்டிருந்தார். அவர் கேள்வி மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது. நான்கு நாள் கழித்து நானே தற்செயலாகப் பார்த்துப் பதில் போட்டேன். அவர் அதற்கப்புறம் தளத்துக்கு வரவே இல்லை.

என்ன நடந்தது என்றால், நம் தளத்தின் மென்பொருள், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய கேள்வி பதில் தளக் குடும்பத்தின் முறையை அப்படியே பின்பற்றியது. அங்கே ஒரு கேள்வியையோ அதன் பதிலையோ யார் திருத்தினாலும் அது பட்டியலின் மேலே வந்து உட்காரும். புதிய பதில் வந்தாலும் அப்படித்தான். மூடினால் மட்டும் மேலே வராது, இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். மூடுகிற கேள்வியில் எழுத்துப்பிழை இருக்கிறதா? இருக்கட்டும். குறிச்சொல் தப்பா? தப்பாகவே கிடக்கட்டும். ஊர் பார்க்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற கேள்வியை மட்டும் திருத்துங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. மூடிய கேள்வியைத் திருத்தினால் அது 'மறுபடி திறக்கலாமா' என்ற பரிசீலனை வரிசையில் போய் நிற்க வாய்ப்பிருக்கிறது. நீங்கள் மூடியதைப் பல பேர் உட்கார்ந்து மறுபடி யோசிக்க வேண்டி வரும். ஒற்றுப்பிழை திருத்தப் போய் அத்தனை பேரின் நேரத்தைத் தின்ற கதையாகிவிடும்.

மூடுவதைப் பற்றி ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கேட்டவரைத் தண்டிப்பது போல நினைக்கிறார்கள். மூடினால் புதிய பதில் எழுத முடியாது, அவ்வளவுதான். இருக்கிற பதில்களைப் படிக்கலாம், வாக்கு போடலாம், திருத்தலாம், கீழே கருத்து எழுதலாம். தேடுபொறி வழியாக வருபவருக்குப் பக்கம் அப்படியே திறக்கும். பத்து வருடம் முன்னால் கேட்டுவிட்டுப் போனவருக்கு அது மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். அதனால் பழைய கேள்வியை மூடக் கை நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் கேட்ட அன்று அது தப்பில்லை என்பதை மறக்கக் கூடாது. நம் தளம் 2010ல் தொடங்கியபோது விதி என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. "விவசாயம் சம்பந்தமாக எது வேண்டுமானாலும்" என்பதுதான் பேச்சு. காங்கேயம் காளைக்கு விலை கேட்டார்கள், டிராக்டர் கடனுக்கு எந்த பேங்க் என்று கேட்டார்கள், மாமனார் தோட்டத்தில் வழித்தடத் தகராறு என்றுகூட ஒருவர் நீளமாக எழுதினார். எல்லோரும் பதில் சொன்னோம். எல்லை அப்புறம்தான் வந்தது.

பெரிய தளங்களிலும் இதே கதைதான். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் குடும்பத்தின் மூத்த தளம், புரோகிராம் எழுதுபவர்களுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2008 செப்டம்பரில் திறந்தது. முதல் ஒன்றிரண்டு வருடம் "எந்தப் புத்தகம் படிக்கலாம்", "உங்களுக்குப் பிடித்தது எது" வகைக் கேள்விகள் அங்கே சக்கைப்போடு போட்டன. அப்படிப்பட்ட பேச்சுக்காகவே 2010ல் புரோகிராமர்ஸ் என்று தனித்தளம் பிறந்தது. கொஞ்ச காலத்தில் அந்தத் தளமும் வேலியை நெருக்கிக் கட்டிக்கொண்டது. வேலைவாய்ப்பு ஆலோசனை, கருத்துக்கணிப்பு எல்லாம் வெளியே போயின. பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று கடைசியில் 2016ல் பெயரையே சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்று மாற்றினார்கள். 2011ல் அங்கே நூற்றுக்கணக்கில் வாக்கு வாங்கிய கேள்வியை இன்று போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் மூடிவிடுவார்கள். அதனால் பழைய கேள்வியை மூடும்போது கேட்டவரைக் கண்டிக்கிற தொனி வேண்டாம். "இப்போதைய விதிப்படி இந்த வகைக் கேள்விகளை எடுப்பதில்லை" என்று ஒரு வரி போதும். முடிந்தால் அந்த வரியும் வேண்டாம். மூடிய காரணமே பக்கத்தில் தெரிகிறதே.

சரி, சண்டைக்கு வருபவர்கள் விஷயம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாக வரும் யாரும் விதிப் பக்கத்தைப் படிப்பதில்லை. கூகுளில் தேடி, நம் தளத்தில் திறந்து கிடக்கும் ஒரு பழைய கேள்வியைப் பார்த்து, "ஓ, இங்கே இப்படிக் கேட்கலாம் போல" என்று அதே அச்சில் ஒன்று போடுகிறார்கள். திறந்து கிடக்கும் கேள்விதான் அவர்களுக்கு விதி. அதனால் உங்களுக்கு வேலைப்பட்டியல் எழுதித் தருபவர்களே அந்தச் சண்டைக்காரர்கள்தான். அவர் சுட்டிக்காட்டும் கேள்வியை அன்றைக்கே மூடிவிட்டு, "நீங்கள் காட்டியது சரிங்க, அது கண்ணில் படாமல் இருந்திருக்கிறது, அதையும் மூடியாயிற்று" என்று எழுதுங்கள். அவருடைய கேள்வியைத் திறக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் அதோடு அமைதியாகிவிடுவார்கள். எங்கள் காலத்தில் இப்படி வந்த சண்டைகளில் திரும்பத் திரும்ப ஏழெட்டுக் கேள்விகள்தான் சாட்சிக்கு வந்தன. நூற்றுக்கணக்கில் கிடந்தாலும் ஊர் பார்ப்பது அந்த ஏழெட்டைத்தான்.

தானாக மேலே வருகிற இன்னொரு வகை, திடீரென்று புதுப் பதில் விழும் பழைய கேள்விகள். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி யாரிடம் நல்லது, அடிக்கு என்ன ரேட் என்று 2013ல் ஒருவர் கேட்டிருந்தார். அப்போது சொன்ன ரேட்டு இப்போது யாருக்கும் உதவாது. ஆனால் வருடத்துக்கு நான்கைந்து 'பதில்' வந்துகொண்டே இருந்தது. எல்லாம் விளம்பரம், போன் நம்பரோடு. இந்த மாதிரி கடை கேட்கும் கேள்விகள் திறந்து கிடந்தால் விளம்பரக்காரர்களுக்குத் திண்ணை போட்டுக் கொடுத்தது போல. கண்ணில் பட்டதும் மூடுங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பதில்களில் தனிமனிதர்களின் போன் நம்பர் கிடக்கும். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள். பத்து வருடத்தில் அந்த நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு "போர் போடணும், வண்டி வருமா" என்று அந்த வீட்டுக்குப் போன் வரும். நம்பரைத் திருத்தி எடுத்தால் மட்டும் போதாது, திருத்த வரலாற்றில் பழைய வடிவம் அப்படியே இருக்கும். மட்டுறுத்துநருக்கு அதையும் மறைக்கும் வசதி உண்டு, அதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இதற்காக முகப்பில் ஒரு பழைய கேள்வி மேலே வந்தால் வரட்டும்.

இப்போது, மூடக் கூடாத பழைய கேள்விகள். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் புது மட்டுறுத்துநர்கள் அவசரப்படுவது இங்கேதான். 2012ல் ஒருவர், "எங்க பக்கம் இந்த வருசம் தண்ணி விடுவாங்களா?" என்று கேட்டிருந்தார். எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. இன்றைய விதியில் நிற்கவே நிற்காது. அந்த வருடத்தோடு செத்துப்போன கேள்வி. ஆனால் கீழே நசியனூர்க்காரர் ஒருவர் கீழ்பவானிப் பாசன முறையை ஆதியோடு அந்தமாக எழுதி வைத்திருந்தார். மொத்த ஆயக்கட்டு, அதாவது வாய்க்கால் பாயும் நிலம், 2,07,000 ஏக்கர். மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, பாதி ஆயக்கட்டான 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்டில் திறந்து டிசம்பர் வரை நெல்லுக்குத் தண்ணீர், மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலை, எள் மாதிரி புஞ்சைப் பயிருக்கு முறை வைத்துத் தண்ணீர், அடுத்த வருடம் இரண்டு பாதிகளும் இடம் மாறும் என்று வாய்க்காலோடு கூடவே நடந்து சொல்வது போல எழுதியிருந்தார். வெளியூரிலிருந்து வந்து சத்தியமங்கலம் பக்கம் நிலம் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. கேள்வியை மூடிவிட்டால் பதில் இருக்கும், ஆனால் "இந்த வருசம் தண்ணி விடுவாங்களா" என்ற தலைப்பை வைத்துக்கொண்டு அதை யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்?

அதனால் அந்தக் கேள்வியைத் திருத்தினேன். "கீழ்பவானிப் பாசனத்தில் எந்தப் பகுதிக்கு எந்தப் பருவத்தில் தண்ணீர் என்பது எப்படி முடிவாகிறது?" இரண்டே வரி. முகப்பில் மேலே வந்தது, வரட்டும் என்றுதான் திருத்தினேன். ஒரு வாரத்தில் முறைநீர்ப்பாசனத்தில் கடைமடைக்காரர் படும் பாடு பற்றி இன்னும் ஒரு நல்ல பதில் சேர்ந்தது.

இப்படித் திருத்தும்போது ஒரு நிபந்தனை உண்டு. திருத்திய பிறகும் ஏற்கெனவே இருக்கும் பதில்கள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். ஒருமுறை இன்னொரு மட்டுறுத்துநர், "தென்னைக்கு எந்தக் கம்பெனி உரம் நல்லது" என்ற கேள்வியை "தென்னைக்கு எப்போது, எவ்வளவு உரமிட வேண்டும்" என்று மாற்றினார். கேள்வி அழகாகிவிட்டது. கீழே இருந்த ஒன்பது பதில்களும் கம்பெனிப் பெயர்கள். மணமேடையில் மாப்பிள்ளையை மாற்றி உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. பதில் எழுதியவர்கள் கோபித்துக்கொண்டார்கள், நியாயமான கோபம். அந்தத் தருணத்தில் செய்ய வேண்டியது பழையதை மூடிவிட்டு, புதிய கேள்வியை நீங்களே தனியாகப் போடுவது.

"வேறு தளத்துக்கு அனுப்பிவிட்டால் என்ன" என்று அடுத்து கேட்பீர்கள். ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் 60 நாளுக்கு மேல் பழைய கேள்வியை இடமாற்றவே முடியாது. நம் மென்பொருளிலும் அப்படியே. நல்ல கட்டுப்பாடு அது. நமக்கு வேண்டாததைப் பக்கத்துத் தோட்டத்தில் கொட்டுவது முறையில்லையே.

பூட்டுவது அபூர்வமான மருந்து. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பது உண்மையா என்று 2011ல் ஒரு கேள்வி. நாற்பதுக்கு மேல் பதில்கள். பாதிப் பேர் தாத்தா பார்த்த கிணறு இன்னும் வற்றவில்லை என்றார்கள். மறுபாதி, நம் கொங்கு மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை, பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் தண்ணீர் பார்க்கும் மின்தடை ஆய்வு செய்யாமல் போர் போடாதே என்றார்கள். நடுவில் சாதி, கட்சி எல்லாம் புகுந்தது. மூடினால் கருத்துப் பகுதியில் தொடர்ந்தது. நீக்கலாம் என்றால், அதற்குள் நீரியல் தெரிந்த ஒருவர் எழுதிய பதில் தங்கம் மாதிரி. இதற்கென்றே ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் வரலாற்றுப் பூட்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பூட்டிவிட்டால் பதில், வாக்கு, திருத்தம் எதுவும் நடக்காது. படிக்க மட்டும் முடியும். "இது ஒரு காலத்தின் அடையாளமாக இருக்கிறது, இதைக் காட்டி இதே போலக் கேட்க முடியாது" என்கிற பொருளில் மேலே ஓர் அறிவிப்பு இருக்கும். ஏழு வருடத்தில் நான் அதைப் பயன்படுத்தியது மூன்று முறை. தேங்காய்க் கேள்வியைத் தயவுசெய்து திறந்துவிடாதீர்கள்.

நீக்குவதில் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்று சொல்கிறேன். "உங்கள் ஊரில் மஞ்சளுக்கு என்னென்ன பேர்" என்று ஒரு கேள்வி இருந்தது. சுத்தமான கருத்துக்கணிப்பு. ஒரு வரி, இரண்டு வரிப் பதில்கள். விரலி, கிழங்கு என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். நான் தலைப்பைப் பார்த்தே நீக்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம். "அதில் எங்க அப்பாரு எழுதினது ஒன்னு இருந்துதுங்க, காணோம்." போய்ப் பார்த்தால், பேர் சொல்ல ஆரம்பித்த பெரியவர் அப்படியே மஞ்சள் வேகவைக்கும் பக்குவத்துக்குப் போயிருக்கிறார். கொப்பரையில் நுரை எப்படிப் பொங்க வேண்டும், வாசனை எப்போது மாறும், ஈர்க்குச்சி குத்தினால் எப்படி இறங்க வேண்டும், அதிகம் வெந்தால் நிறம் என்ன ஆகும், வெயிலில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று எல்லாம். இருபத்தேழாவது பதில். யாரும் வாக்குப் போடவில்லை. நல்ல வேளை, மட்டுறுத்துநர் நீக்கியதை மட்டுறுத்துநரே மீட்கலாம். மீட்டு, வேகவைப்பது பற்றித் தனிக் கேள்வி போட்டு, அவர் பெயரோடு அந்தப் பதிலை அங்கே எடுத்து வைத்தோம். அதற்கப்புறம் கடைசிப் பதில் வரை படிக்காமல் நான் எதையும் நீக்கியதில்லை.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, தெரியாமல் விழுந்துவிடாதீர்கள். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் முறையில், மூடிய கேள்வி ஒன்பது நாள் அப்படியே கிடந்தால் மென்பொருளே அதை நீக்கும். கேள்வி வாங்கிய வாக்கு மதிப்பெண் பூச்சியமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், ஒரு பதிலுக்குக்கூட நேர்மறை வாக்கோ கேட்டவர் போடும் ஏற்பு அடையாளமோ இருக்கக் கூடாது, இடையில் திருத்தமோ திறப்பு வாக்கோ விழுந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே கேட்ட கேள்வியின் நகல் என்று மூடியவை இதில் சேராது. புதுக் கேள்விகளுக்கு இது நல்ல துடைப்பம். ஆனால் 2010ல் நம் தளத்தில் மொத்தமே முப்பது பேர்தான் இருந்தோம், யாரும் வாக்குப் போடத் தெரிந்தவர்கள் இல்லை. நல்ல பதில்கள்கூடப் பூச்சியத்தில் நிற்கின்றன. நாலு நாள் லீவில் நானூறு கேள்வியை மூடினால், இரண்டு வாரத்தில் அதில் ஒரு பகுதி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். மூடத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே பழையதை மூடும் முன் பதில்களைப் படித்து, நல்லதாக ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வாக்குப் போட்டுவிட்டு மூடுங்கள். அந்த ஒரு வாக்கு போதும், துடைப்பம் அதைத் தொடாது.

யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளமே 2021 மே 4ஆம் தேதி மூடப்பட்டபோது நான் சிரித்தவர்களில் ஒருவன். பதினைந்து வருடக் குப்பை ஒழிந்தது என்றேன். அப்புறம் பழைய டீசல் மோட்டார் ஒன்றின் ஊசியடைப்பைப் பற்றி அங்கே படித்த ஒரு பதில் தேவைப்பட்டது. எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எல்லைக்கு வெளியே இருக்கும் பழைய கேள்வியால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை, சலிப்புதான். கெடுதல் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 2010ல் பருத்திக் காய்ப்புழுவுக்கு மருந்து கேட்ட ஒரு கேள்வி, விதிப்படி அப்பழுக்கில்லாதது, யாரும் மூட மாட்டார்கள். அதில் அதிக வாக்கு வாங்கிய பதில் எண்டோசல்ஃபான் அடிக்கச் சொல்கிறது, லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது உட்பட. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. எழுதியபோது அது சட்டப்படி சரியான பதில். இன்று ஒருவர் போனில் தேடி, முதல் பதிலைப் படித்துவிட்டு, வீட்டுக் கொட்டகையில் பழைய டப்பா ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கக் கூடியவர்தான்.

அந்த மாதிரிப் பதில்களை நீக்கவும் வேண்டாம். நீக்கினால் "முன்னால் எல்லோரும் அதைத்தானே அடித்தோம்" என்று இன்னொருவர் புதிதாக எழுதுவார். பதிலின் தலையில், முதல் வரியாக, இந்த மருந்து 2011ல் தடை செய்யப்பட்டது, பயன்படுத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். இப்போதைய பரிந்துரை தெரிந்த ஒருவரைப் பிடித்துப் புதுப் பதில் எழுத வையுங்கள். ஒவ்வொரு திருத்தமும் அந்தக் கேள்வியை முகப்புக்குக் கொண்டுவரும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடலில் போட்டுப் பார்க்க வேண்டும், தமிழில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், எண்டோசல்பான், என்டோசல்ஃபான் என்று. அதற்கு நேரம் பிடிக்கும். லீவு போடுவதாக இருந்தால் இதற்குப் போடுங்கள் தம்பி. நானும் ஒரு நாள் கூட உட்காருகிறேன்.